மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே மிதிபலகை பொருத்துதல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அன்றாடம் ஓடுகின்ற 100, 125 சீசீ மோட்டார் சைக்கிள்களில் கால் வைப்பதற்கென்று இருப்பது இறப்பர் உறை போட்ட ஓர் இரும்புக் கட்டை மாத்திரமே. முழங்காலில் வாதம் பிடித்த ஒருவர் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வரைக்கும் அந்தக் கட்டையில் உள்ளங்காலை ஊன்றியபடி பின்னால் இருந்து வந்தால், இறங்கும்போது காலை நீட்டவே சிரமப்படுவார். சிறு பிள்ளைகளின் நிலை வேறு. கட்டையில் நழுவிய குதிக்கால் நேரே பின்சில்லின் கம்பிகளுக்குள் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. பாதம் முழுவதும் படிந்து நிற்கும் மிதிபலகை இந்த இரண்டுக்கும் நல்ல தீர்வு. உதிரிப்பாகக் கடைகளில் அது சோடியாகக் கிடைக்கின்றது, ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் அதனை ஒரு பகற்பொழுதில் வீட்டு முற்றத்திலேயே பொருத்திவிடலாம்.

வேலை எளிதானதுதான். ஆனாலும், கால் சுகமாக இருக்கின்றதா என்பதை மட்டும் பார்த்துப் பலகையை வாங்குபவர்கள் வேறு இரண்டு விடயங்களை மறந்துவிடுகின்றார்கள். பிறேக்கையும் கியரையும் கால் பழையபடி தடையின்றி எட்ட வேண்டும். வண்டி சரியும்போது பலகை நிலத்தில் முட்டினால் அது மேல்நோக்கி மடங்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பலகையை விலைக்கு வாங்கக் கூடாது, இனாமாகக் கிடைத்தாலும் பூட்டக் கூடாது.

எந்த வகையை வாங்குவது

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது, பின்னிருப்பவரின் மடக்குப் புட்ரெஸ்டை, அதாவது மேலே சொன்ன கால் கட்டையைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் அதே இருகாதுக் கவட்டில், அதே ஊசியில் பூட்டுகின்ற பலகை. இரண்டாவது, ஓட்டுபவரின் புட்ரெஸ்டுக்குப் பதிலாக வருவது. மூன்றாவது, பழைய கட்டையைக் கழற்றாமல் அதற்கு மேலே வளையம் போட்டு இறுக்குகின்ற தட்டு. விலை குறைவு என்பதாலும் கழற்றும் வேலை இல்லை என்பதாலும் மூன்றாவது வகையைத்தான் பலரும் எடுக்கின்றார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உருண்டையான கட்டையை வளையம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், ஏறும்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் பலகையின் முன்நுனியில் ஒற்றைக் காலை ஊன்றினால், நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 600 நியூட்டன் பாரம் விழுகின்றது. அதாவது, தட்டைச் சுழற்றுவதற்கு 60 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வேலை செய்கின்றது. இரண்டு சிறிய போல்ட்டுகளால் இறுக்கிய வளையம் அந்த விசைக்கு முன் ஒரு நாள் வழுக்கும், வழுக்கும் நேரத்தில் ஏறுபவரின் கால் நிலத்தில் இராது.

புதிதாகச் செய்பவர் முதலாவது வகையிலிருந்தே தொடங்குவது நல்லது. பின்னிருப்பவரின் பலகை பிறேக் மிதியுடனோ கியர் நெம்புடனோ சம்பந்தப்படாது. முன்பலகை அப்படியல்ல, அதைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கின்றேன்.

கடையில் பலகையைக் கையில் எடுத்ததும் அதன் கீலைப் பாருங்கள். பலகை கிடைமட்டத்தில் வந்து நிற்பதற்குத் தடுப்பு இருக்க வேண்டும், அங்கிருந்து மேலே தாராளமாக மடங்க வேண்டும். ஊசி நுழையும் துளையில் ஊசியைப் போட்டு ஆட்டிப் பார்த்தால், அது மெல்லச் சுழல வேண்டுமே தவிரக் கடகடவென்று ஆடக் கூடாது. இறப்பர் விரிப்பு வெறும் பசையால் ஒட்டப்பட்டதாக இல்லாமல், அடியில் உள்ள இறப்பர் முளைகள் தட்டின் துளைகளுக்குள் இழுத்து மாட்டப்பட்டதாக இருந்தால் நமது வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். ஓரங்கள் வளைத்து மழுங்கடிக்கப்பட்டிருக்க வேண்டும். அரத்தால் சீவாத கூர் ஓரம் நெரிசலில் நிற்பவரின் கெண்டைக்காலைக் கிழிக்கும், பொலிசாரின் கண்ணிலும் படும். 2025 ஜனவரியில் வாகனங்களில் பூட்டப்பட்ட ஆபத்தான மேலதிக உபகரணங்களைக் கழற்றும் நடவடிக்கை நாடு முழுவதும் நடந்ததை மறந்துவிட வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளுக்கும் கேள்வி வரும். பழைய புட்ரெஸ்ட், ஊசி, ஸ்பிறிங் அனைத்தையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தால் தேவைப்படும்போது திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.

கடதாசி அட்டையில் முதல் அளவு

பலகையை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிஸ்கட் பெட்டி அட்டையில் பலகையின் நீள அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதைப் பழைய புட்ரெஸ்டின் மேல் இரண்டு இறப்பர் வளையங்களால் கட்டுங்கள். வழக்கமாகப் பின்னால் ஏறுபவர்களில் பாரமானவரை இருத்தி, ஓட்டுபவரும் ஏறி, பின்புறம் நன்றாக அமிழும்படி இரண்டு மூன்று தரம் அழுத்த வேண்டும். அப்போது வலப்பக்கத்தில் அட்டை சைலன்சரில் முட்டுகின்றதா, பிறேக் கம்பி அட்டைக்கு அருகில் உராய்ந்து போகின்றதா, இடப்பக்கத்தில் செயின் மூடியைத் தொடுகின்றதா என்பதை மூன்றாவது ஆள் குனிந்து பார்க்க வேண்டும். சைலன்சருக்கும் பலகைக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் இறப்பர் உருகும். செருப்பின் அடியும் உருகி ஒட்டும்.

அடுத்து கிக்கர். எஞ்சினை இயக்காமல் கிக்கரைக் கையால் மேலிருந்து கீழ்வரை முழுதாக அழுத்திப் பார்த்தால் அது எந்த இடத்தில் பலகையைக் கடக்கின்றது என்பது தெரியும். சில வண்டிகளில் வலப்பக்க முன்புட்ரெஸ்ட் மடங்குவது கிக்கருக்கு வழிவிடுவதற்காகத்தான். அங்கே மடங்காத பலகையைப் போட்டால் பெற்றரி இறங்கிய அன்று வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். பக்க ஸ்டாண்டையும் மடக்கி விரித்துப் பாருங்கள்.

அகலத்துக்கு ஓர் எளிய விதி உண்டு. பலகையின் வெளி ஓரம் பழைய கட்டையின் நுனியைத் தாண்டக் கூடாது. கட்டையின் நுனி எந்தச் சரிவில் நிலத்தைத் தொடும் என்பதைத் தயாரித்தவர்கள் கணக்கிட்டே வைத்திருக்கின்றார்கள். அதைவிட 3 சென்ரிமீற்றர் வெளியே போகும் பலகை, வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முன்னதாகவே வீதியைத் தொட்டுவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிறவல் வீதிகளில் மாரிக்குப் பின்னர் விழும் வண்டித் தடங்களின் மேட்டிலும் அதே ஓரம்தான் முதலில் அடிபடும்.

கழற்றுதல்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாததால், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிகளையே பலரும் இன்னும் பாவிக்கின்றோம். கடற்காற்றில் அவ்வளவு காலம் நின்ற போல்ட்டைப் பலத்தால் திருகினால் முறியும். முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் திருகும்போது நேரே தளர்த்தாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்து, கறளின் பிடி உடைந்த சத்தம் கேட்ட பின்னர் தளர்த்தினால் போல்ட் தப்பும். அப்படியும் அசையாத போல்ட்டுக்கு வீட்டில் நெருப்புக் காட்ட வேண்டாம், மேலே பெற்றோல் தாங்கி இருக்கின்றது. லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாகவுள்ள எழுவான்கரையில் பெரும்பாலான முற்றங்கள் மணல். நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் பாரம் ஏற ஏற ஒரு கால் புதைந்து வண்டி சரியும் என்பதால், ஸ்டாண்டின் கீழே அகலமான பலகைத் துண்டு ஒன்றை வைத்து, முன்சில்லின் இரு பக்கமும் கல் அண்டை கொடுக்க வேண்டும். வேலை செய்யும் பக்கத்தில் பழைய வெள்ளை விரிப்பு ஒன்றையும் விரித்துவிடுங்கள். கொட்டர் பின் (ஊசியின் துளையில் செருகி விரிக்கும் இரட்டைக் கால் கம்பி), சேர்க்கிளிப் (ஊசியின் பள்ளத்தில் மாட்டும் வில் வளையம்), சிறிய எஃகு உருண்டை ஆகிய மூன்றும் மணலில் விழுந்தால் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடும்.

பின்புட்ரெஸ்டின் ஊசியை அடியிலிருந்து பார்த்தால், அதைப் பிடித்து நிற்பது கொட்டர் பின்னா, சேர்க்கிளிப்பா என்பது தெரியும். கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் மேலிருந்தும் கீழிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டர் பின்னின் விரிந்த கால்களைக் குறட்டால் நேராக்கி இழுத்தால் அது வந்துவிடும். அதைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, புதியதன் விலை ஒரு பிளேன்ரீயின் விலைக்கு மேல் போகாது. சேர்க்கிளிப்பாக இருந்தால் ஒரு துணியால் மூடிக்கொண்டே நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் அது பறந்துவிடும். ஊசியை மேல்நோக்கித் தட்டி எடுக்கும்போது கட்டையின் உட்புறத்திலிருந்து ஸ்பிறிங்கும் உருண்டையும் அல்லது வளைந்த தகடும் வெளியே வரும். கட்டை நின்ற நிலையிலேயே நிற்கச் செய்வது அவைதான். எந்தப் பக்கம் எது இருந்தது என்பதை மறந்துவிட்டால் பலகை ஓடும்போது தானாக மடங்கும்.

பின்பலகையைப் பூட்டுதல்

புதிய பலகையை எடுப்பதற்கு முன், வண்டியில் நிற்கின்ற கவட்டைச் சோதிக்க வேண்டும். பழைய சிறு வண்டிகள் சிலவற்றில் இந்தக் கவடு, பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் சுவிங் ஆமிலேயே வெல்டிங் செய்து ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டு விட்டிருந்தால் பலகை தரும் மேலதிகப் பாரத்தை அது தாங்காது. ஒட்டின் மேல் மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டியை அதன்மேல் அழுத்திப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பூச்சின் நடுவே மெல்லிய ஈரக்கோடாக வெளிப்படும். கோடு தெரிந்தால் வேலையை அங்கே நிறுத்தி, முதலில் அதை வெல்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கவட்டின் உட்புறத்தை மணற்தாளால் துடைத்து, ஊசிக்குக் கிறீஸ் பூசி, பலகையின் கீலை உள்ளே நுழைத்து, ஸ்பிறிங், உருண்டை அல்லது தகட்டை எடுத்த ஒழுங்கிலேயே வைத்து, ஊசியை மேலிருந்து கீழாகப் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால், கொட்டர் பின் கழன்றுபோனாலும் ஊசி தன் பாரத்தால் அங்கேயே நிற்கும். அடியில் வாஷரைப் போட்டு, புதிய கொட்டர் பின்னைச் செருகி, கால்களை எதிர்த்திசைகளில் வளைத்துவிடுங்கள்.

சில பலகைகளுக்கு ஊசிக்குப் பதிலாக நீண்ட போல்ட்டும் நைலோன் வளையம் வைத்த நட்டும் வரும். தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். இறுகினால் நல்லது என்று நினைத்து அந்த நட்டை முழுப் பலத்துடன் முறுக்கினால், கவட்டின் இரு காதுகளும் உள்ளே நெருங்கிப் பலகையைக் கவ்விப் பிடிக்கும். பலகை பார்வைக்கு உறுதியாக நிற்கும், ஆனால் நிலத்தில் முட்டும்போது மடங்காது. பக்கவாட்டு ஆட்டம் மறையும் வரைக்கும் நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பத் தளர்த்தி, ஒரு விரலால் பலகையைத் தூக்கிப் பாருங்கள். சிறு எதிர்ப்புடன் மேலே போய், விட்டதும் தன் இடத்துக்கு வர வேண்டும். நைலோன் வளையம் இருப்பதால் தளர்வாக நின்றாலும் நட்டு கழராது. ஒருமுறை கழற்றிய நைலோன் நட்டின் பிடி குறைந்துவிடும் என்பதால், அடுத்த முறைக்குப் புதியது போடுவதே முறை.

ஆனால் கவட்டையே வண்டிச் சட்டத்துடன் பிடித்திருக்கும் போல்ட்டுகள் நன்றாக இறுக வேண்டும். எம் 8 போல்ட்டுக்கு (8 மில்லிமீற்றர் தடிப்புள்ளது) 20 முதல் 25 நியூட்டன் மீற்றர், எம் 10 போல்ட்டுக்கு 40 முதல் 50 வரை போதும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவு காட்டும் ஸ்பனர் எல்லோர் வீட்டிலும் இராது. 15 சென்ரிமீற்றர் கைப்பிடியுள்ள ரிங் ஸ்பனரின் நுனியில் 15 கிலோ பாரத்தைத் தூக்கும் அளவு பலத்துடன் இழுத்தால் ஏறக்குறைய 22 நியூட்டன் மீற்றர் வரும். போல்ட் புதிதாக வாங்குவதானால் தலையில் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஜப்பான் அளவு எம் 8 போல்ட்டுக்கு 12 இலக்க ஸ்பனரும் கடையில் கிடைக்கும் சாதாரண எம் 8 போல்ட்டுக்கு 13 இலக்க ஸ்பனரும் வேண்டிவரும் என்பதால், இரண்டும் கைக்கு அருகில் இருக்கட்டும். புரியில் நீலநிற லொக்டைட் என்ற புரிப்பசை ஒரு துளி விட்டால் அதிர்வுக்குத் தளராது, தேவைப்படும்போது கழற்றவும் முடியும். சிவப்பு நிறத்ததை வாங்க வேண்டாம்.

முன்பலகை

இதைப் பொருத்துவதற்கு முன் உங்கள் வண்டியின் கியர் நெம்பைப் பாருங்கள். முன்விரலுக்கும் குதிக்காலுக்கும் ஒவ்வொரு மிதி இருக்கும் இரட்டை நெம்பாக இருந்தால் தொடரலாம். கால்விரலை நெம்புக்கு அடியில் நுழைத்து மேலே தூக்க வேண்டிய ஒற்றை நெம்பாக இருந்தால், பலகை அந்த இடத்தை மறைத்துவிடும். அத்தகைய வண்டிக்கு இரட்டை நெம்பு கிடைக்கும் வரை முன்பலகை போடக் கூடாது.

சிறு வண்டிகள் பலவற்றில் முன்புட்ரெஸ்ட் இரண்டும் எஞ்சினுக்கு அடியில் நான்கு போல்ட்டுகளால் பிடித்த ஒரே குறுக்குக் கம்பியின் இரு முனைகள்தான். பக்க ஸ்டாண்டும் அதிலேயே தொங்கும். இந்தக் கம்பியை வெட்டி ஒட்டுவதையும், சட்டத்தின் குழாயில் புதிதாகத் துளையிடுவதையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். துளையிட்ட குழாய்க்குள் உவர்நீர் போனால் உள்ளிருந்தே கறள் தின்னும், வெடிப்பும் அந்தத் துளையின் ஓரத்திலிருந்தே தொடங்கும். இருக்கின்ற துளைகளில் பூட்ட முடியாத முன்பலகை உங்கள் வண்டிக்குரியதல்ல.

பூட்டிய பின் காலை வைத்துப் பார்த்தால், பலகையின் தடிப்பினால் உள்ளங்கால் முன்பைவிட 2 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்திருப்பது தெரியும். பிறேக் மிதி பழைய உயரத்திலேயே இருந்தால் அதை அழுத்தும்போது குதிக்கால் பலகையில் முட்டி, பிறேக் பாதியில் நிற்கும். எனவே, மிதியின் உயரத்தை அதன் தடுப்பு போல்ட்டால் கூட்ட வேண்டும். பின் ட்ரம் பிறேக் உள்ள வண்டியில், சில்லருகே உள்ள கம்பி நட்டைத் திருகி, மிதியின் நுனி 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இலேசாகப் போய் அதன் பிறகே பிடிக்கும்படி திரும்பச் சரிசெய்யுங்கள். பின்சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றினால் உராயாமல் சுழல வேண்டும். மிதியின் இடம் மாறியதால் பிறேக் லைட் சுவிச்சும் மாறியிருக்கும். மிதியைத் தொடாதபோதும் லைட் எரிந்தால், அல்லது பிறேக் பிடித்த பிறகு எரிந்தால், சுவிச்சின் நட்டைத் திருகி அதன் இடத்தை மாற்றுங்கள். பின்னால் டிஸ்க் பிறேக் உள்ள வண்டிக்கு இந்த வேலையை கராஜில் செய்விப்பதே சரி.

கியர் நெம்பை உயர்த்த வேண்டுமானால், நெம்பின் இறுக்கும் வாயிலுள்ள பிளவுக்கு நேரே தண்டில் ஒரு புள்ளி அடையாளம் வைத்து, இறுக்கு போல்ட்டை முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் அந்த போல்ட் தண்டின் பள்ளத்துக்குள்ளே போவதால், தளர்த்தி மட்டும் விட்டு இழுத்தால் நெம்பு வராது, பற்கள்தான் சேதமாகும். ஒரு பல் மாற்றிப் பூட்டினாலே நுனியில் பெரிய வித்தியாசம் தெரியும். பின்சில்லைக் கையால் சுழற்றிக்கொண்டே, எஞ்சின் நிறுத்திய நிலையில், எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். குதிக்கால் மிதி அதன் அடிநிலையிலும் பலகைக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். இடைவெளி அதைவிடக் குறைந்தால், சேறு படிந்த அன்று கியர் விழாது.

சோதனையும் பராமரிப்பும்

வண்டியை நடு ஸ்டாண்டிலேயே வைத்து, ஒவ்வொரு பலகையிலும் ஒற்றைக் காலால் முழுப் பாரத்தையும் கொடுத்து, முன்நுனியிலும் பின்நுனியிலும் அழுத்துங்கள். கிறீச்சென்ற சத்தமோ அசைவோ இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட்டுக்கு நகப்பூச்சால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு முறிந்து தெரியும், ஸ்பனர் போடாமலே அறிந்துகொள்ளலாம். முதலில் ஒரு விளையாட்டு மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டி, பின்னர் பின்னால் ஒருவரை ஏற்றி ஓட்டி, அதன் பின்னரே வீதிக்கு எடுங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பலகை அலுமினியம், போல்ட் எஃகு என்றால், உப்பீரம் இரண்டையும் தொடும் இடத்தில் அலுமினியம் வெண்மாவாக உதிரத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் இதைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம்: பூட்டும்போதே இரண்டு உலோகங்களும் தொடும் முகங்களில் கிறீஸைப் பூசி வைப்பது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது, மாதம் ஒருமுறை கீலின் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவது. வெள்ளத்துக்குள்ளால் ஓடிய அன்று வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே கழுவ வேண்டும். வயலுக்கு யூரியா கொண்டு போகும் வண்டிகளுக்கும் அதே விதி. பசளை ஈரத்தை இழுத்துப் பிடித்து உலோகத்தை அரிக்கும். இறப்பர் விரிப்பை இடையிடையே கழற்றி அடியில் சேரும் மணலைத் தட்டிவிடுங்கள், அந்த மணல் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

பலகை மனிதரின் காலுக்கானது. காஸ் சிலிண்டரின் அடியையோ நெல் மூட்டையின் ஓரத்தையோ அதில் ஊன்றி வைத்தால் கவடு வளையும். அம்பிலாந்துறை–குருக்கள்மடம் போன்ற இடங்களில் வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றும்போது வண்டிகள் நெருக்கமாக நிற்பதால், அங்கே பின்பலகைகளை மடக்கியே வைக்க வேண்டும். பின்னால் ஏறி இறங்குபவர்களுக்கும், பலகையைக் காலால் உதைத்து விரிக்காமல் கையால் விரிக்கும்படி சொல்லி வையுங்கள். உதைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி விழுவது அந்தச் சிறிய உருண்டைக்கும் ஸ்பிறிங்குக்கும்தான்.